ஆம்பளைக்கும் உடை ஒழுங்கு உண்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடசென்னையில் மண்ணடியிலிருந்து தண்டையார்பேட்டை வரை எந்தப் பள்ளிவாசலில் உட்கார்ந்தாலும் சரி, இரவுத் தொழுகையான இஷா முடிந்து பையன்கள் சுற்றி உட்கார்ந்தால் இந்தக் கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. எம்.சி. ரோட்டில் எனக்குத் துணி வியாபாரம் என்பதால் கடைக்கு வருகிறவர்களும் கேட்பார்கள். நான் மார்க்கம் படித்த ஆலிம் இல்லை. ஹஜ்ரத்மார்களிடம் கேட்டும், நபியின் சொல், செயல்களைப் பதிவு செய்த ஹதீஸ் நூல்களைப் பார்த்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

"ட்ரெஸ் விஷயமெல்லாம் பொம்பளைங்களுக்குத்தானே பாய்? ஆம்பளைக்கு என்ன இருக்கு?"

நிறைய இருக்கிறது. குர்ஆனின் 24-வது அத்தியாயத்தில் 30-வது வசனம் முதலில் ஆண்களைப் பார்த்துத்தான் பேசுகிறது. பார்வையைத் தாழ்த்திக்கொள்ளுங்கள், வெட்கத் தலங்களைப் பேணிக்கொள்ளுங்கள் என்று நம்பிக்கை கொண்ட ஆண்களுக்குச் சொல்லச் சொல்கிறது. பெண்களுக்கான கட்டளை அடுத்த வசனத்தில்தான் வருகிறது. 31-வது வசனத்தைப் பற்றி நிறைய பயான்கள் கேட்டிருப்போம். 30-வது வசனத்தைப் பற்றியும் அதே அளவுக்குப் பேச வேண்டும் என்பது என் ஆசை. இந்தப் பக்கத்தை எழுதியதே அதற்காகத்தான்.

"சரி, எங்கேயிருந்து எங்கே வரைக்கும் மறைக்கணும்?"

தொப்புளிலிருந்து முழங்கால் வரை. இந்த இடத்தைத்தான் ஆணின் அவ்ரத் என்கிறோம். முன்பக்கம் மட்டுமல்ல, அதே உயரத்தில் பின்பக்கமும் இதில் சேரும். மத்ஹப் என்றால் மார்க்கச் சட்ட வழி. ஹனஃபி மத்ஹபில் முழங்காலும் அவ்ரத், தொப்புள் இல்லை. ஷாஃபியில் தொப்புளும் முழங்காலும் அவ்ரத் இல்லை, இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் அவ்ரத். நம் பக்கத்தில் இரண்டு மத்ஹபுக்காரர்களும் கலந்து வாழ்கிறோம். காயல்பட்டினம், கீழக்கரை மாதிரி கடற்கரை ஊர்களிலிருந்து மண்ணடிக்கு வந்தவர்கள் பெரும்பாலும் ஷாஃபி. உள்நாட்டு ராவுத்தர்களும் உருது பேசுகிறவர்களும் பெரும்பாலும் ஹனஃபி. முழங்காலையும் சேர்த்து மறைத்துவிட்டால் இரண்டு பேருக்கும் பிரச்சினை இல்லை.

தொடை அவ்ரத்தா என்பதில் பழைய காலத்திலேயே பேச்சு உண்டு. "தொடை அவ்ரத்" என்று ஜர்ஹத் (ரலி) வழியாக ஒரு ஹதீஸ் இருக்கிறது. கைபரில் நபி (ஸல்) அவர்களின் தொடையிலிருந்து ஆடை விலகியதைப் பார்த்ததாக அனஸ் (ரலி) சொல்லும் ஹதீஸும் இருக்கிறது. இமாம் புகாரி இரண்டையும் வைத்துவிட்டு, அனஸுடையது அறிவிப்பு வரிசையில் வலுவானது, ஜர்ஹத்துடையது பேணுதலுக்கு ஏற்றது என்று எழுதினார். நான்கு மத்ஹபுகளிலும் பெரும்பாலான அறிஞர்கள் பேணுதலான பக்கத்தைத்தான் எடுத்திருக்கிறார்கள்.

"அப்போ சட்டை போடாம வெறும் கைலியோட தெருவுல நிக்கலாமா?"

மார்பு அவ்ரத் இல்லை. மூட்டை தூக்குகிறவர், ஹார்பரில் லோடு இறக்குகிறவர், மே மாத வெயிலில் மீன்பாடி வண்டி மிதிக்கிறவர் சட்டையைக் கழற்றினால் அது பாவம் என்று யாரும் சொல்லவில்லை.

ஆனால் அவ்ரத் என்பது குறைந்தபட்ச அளவுதான். பெண்கள் தண்ணீர் பிடிக்க வரும் சந்தில், வேலை ஒன்றும் இல்லாமல் வெற்று மார்போடு நின்று பேசிக்கொண்டிருப்பது நல்ல வழக்கம் இல்லை. தொழுகைக்கு இன்னும் கூடுதல் மரியாதை உண்டு. ஒவ்வொரு தொழுமிடத்திலும் உங்கள் அலங்காரத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்று 7:31 சொல்கிறது. தோளில் எதுவும் இல்லாமல் ஒரே துணியில் தொழ வேண்டாம் என்ற ஹதீஸும் புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் நூல்களிலும் இருக்கிறது. அதனால் கை இல்லாத பனியனோடு அவசரமாக வரிசையில் வந்து நிற்காமல், ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு வாருங்கள்.

"கைலிய மடிச்சுக் கட்டினா தப்பா? ஊரே அப்படித்தானே கட்டுது!"

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். கைலியை மடித்துக் கட்டியதும் கண்ணாடி முன்னால் நின்று பார்த்தால் முழங்கால் வரை இருக்கிற மாதிரித்தான் தெரியும். நடக்கும்போதே அது நாலு விரல் ஏறிவிடும். பைக்கில் உட்கார்ந்தால் தொடை பாதி வெளியே வந்துவிடும். கேரம் போர்டு பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தால் எதிரில் இருப்பவன் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருக்கும். மேலே சொன்ன அளவுப்படி இது அவ்ரத் தெரிவதுதான். ஊரே கட்டுகிறது என்பதால் சட்டம் மாறாது.

உட்காருவதைப் பற்றித் தனியாகவே ஒரு ஹதீஸ் இருக்கிறது. ஒரே ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு, முழங்கால்களைத் தூக்கி வைத்து, மறைவிடத்தின் மேல் எதுவும் இல்லாமல் உட்காருவதை நபி (ஸல்) தடுத்தார்கள் என்று புகாரியில் வருகிறது. வாசற்படியில் கைலியோடு குந்தி உட்கார்ந்து டீ குடிக்கிறோமே, அதற்கு அப்படியே பொருந்துகிற ஹதீஸ் இது. நம் பெரியவர்கள் கைலிக்குள் பட்டாபட்டி டவுசர் போட்டார்கள். இன்றைக்கு முழங்கால் வரை வரும் காட்டன் ஷார்ட்ஸ் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. அதை உள்ளே போட்டுக்கொண்டால் மடித்துக் கட்டுவதில் பாதி சிக்கல் தீர்ந்துவிடும். மூட்டாத கைலி கட்டுகிறவர்கள் அதை மூட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் நடக்கும்போது ஓரம் விலகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தெருவில் வயசானவர் யாராவது வந்தால், மடித்துக் கட்டிய கைலியை நாம் உடனே இறக்கிவிடுகிறோம். மதம் பார்க்காமல் வடசென்னை முழுக்க இருக்கும் நல்ல பழக்கம் அது. தனியாக இருக்கும்போதுமா மறைக்க வேண்டும் என்று ஒரு தோழர் நபியிடம் கேட்டார். மக்களைவிட அல்லாஹ்விடம் வெட்கப்படுவதற்கே அதிக உரிமை இருக்கிறது என்று பதில் வந்தது. திர்மிதி, அபூதாவூத் என்ற ஹதீஸ் நூல்களில் இது இருக்கிறது.

"வீட்ல பாத்ரூம் சின்னது, தெருக் குழாயிலதான் குளிக்கிறேன். என்ன பண்றது?"

குளிப்பது தவறில்லை, மறைக்காமல் குளிப்பதுதான் தவறு. திறந்த வெளியில் ஒருவர் மறைப்பில்லாமல் குளிப்பதைப் பார்த்த நபி (ஸல்), அல்லாஹ் வெட்கமுள்ளவன், மறைப்பவன், அதையே விரும்புகிறான், குளிக்கும்போது மறைத்துக்கொள்ளுங்கள் என்று பள்ளிவாசல் பேச்சு மேடையான மிம்பரில் ஏறிச் சொன்னார்கள். அந்த ஹதீஸ் அபூதாவூதில் இருக்கிறது. மெல்லிய ஈரிழைத் துண்டு நனைந்தால் உடம்போடு ஒட்டி எல்லாம் தெரியும். கனமான கைலியோ, நீள டவுசரோ கட்டிக்கொண்டு குளியுங்கள். துணி மாற்றும்போது காய்ந்த கைலியை மேலே போட்டுக்கொண்ட பிறகு ஈரத்தை அவிழ்க்க வேண்டும். நம் பக்கத்தில் அது எல்லாருக்கும் தெரிந்த வித்தைதான்.

"முன்னாடி நிக்கிறவன் ஸஜ்தாவுக்குப் போனா பேண்ட் இறங்கி இடுப்பு தெரியுது. அவன் தொழுகை கூடுமா?"

பின்பக்கமும் அவ்ரத்தில் சேரும் என்று மேலே சொன்னேன். லோ வெயிஸ்ட் ஜீன்ஸும் குட்டையான டீ-ஷர்ட்டும் போட்டு ஸஜ்தாவில், அதாவது நெற்றியைத் தரையில் வைக்க, குனிந்தால் தெரிகிற இடம் அதுதான். ஷாஃபி மத்ஹபில், விலகிய உடனே மறைத்துவிட்டால் தொழுகை கூடும், அப்படியே விட்டால் முறிந்துவிடும். ஹனஃபியில், அந்த உறுப்பில் கால் பங்கு, மூன்று தஸ்பீஹ், அதாவது இறைத் துதி, சொல்லும் நேரத்துக்குத் திறந்திருந்தால் முறியும். அதைவிடக் குறைந்தது மன்னிக்கப்படும். ஒரு ஸஜ்தாவிலேயே மூன்று தஸ்பீஹ் ஓதிவிடுகிறோம் என்பதை யோசித்துப் பாருங்கள்.

இது புதுசாக வந்த பிரச்சினை இல்லை. அம்ர் இப்னு ஸலமா (ரலி) ஆறேழு வயதுச் சிறுவராக இருந்தபோது, தன் கூட்டத்தில் குர்ஆன் அதிகம் தெரிந்தவர் என்பதால் இமாமாக நிறுத்தப்பட்டார். அவருடைய போர்வை குட்டை, ஸஜ்தாவுக்குப் போனால் மேலே ஏறிவிடும். உங்கள் இமாமின் பின்பக்கத்தை மறைக்க மாட்டீர்களா என்று அந்தக் கூட்டத்துப் பெண் ஒருவர் கேட்டார். உடனே துணி வாங்கி அவருக்குச் சட்டை தைத்துக் கொடுத்தார்கள். அந்தச் சட்டையைப்போல வேறு எதுவும் எனக்குச் சந்தோஷம் தந்ததில்லை என்று பிற்காலத்தில் அவரே சொல்கிறார். புகாரியில் இருக்கும் செய்தி இது.

முன்னால் நிற்கும் தம்பியிடம் சொல்ல வேண்டியதையும் இப்படியே சொல்லுங்கள். தொழுகை முடிந்ததும் நாலு பேர் முன்னால் வைத்துத் திட்டாதீர்கள், அவன் அடுத்த வாரம் வராமல் போய்விடுவான். தனியாகக் கூப்பிட்டு, "உள்ளே ஒரு நீளமான பனியன் போட்டு டக் பண்ணிக்க" என்று சொன்னால் போதும். முடிந்தவர்கள் ஒரு நீளச் சட்டை வாங்கியும் கொடுக்கலாம்.

"டைட் ஜீன்ஸ் போட்டுத் தொழலாமா? வேட்டி மட்டும் ஓகேவா?"

தோலின் நிறம் தெரியாமல் மறைத்திருந்தால் தொழுகை கூடும். இறுக்கமாக இருப்பது தொழுகையை முறிக்காது. ஆனால் உடம்பின் வடிவத்தை அப்படியே காட்டும் துணியை அறிஞர்கள் வெறுத்திருக்கிறார்கள். ஸ்ட்ரெச் ஜீன்ஸ் வாங்கும்போது ட்ரையல் ரூமில் நின்று மட்டும் பார்க்காதீர்கள், ஒரு தடவை ருகூவு மாதிரி குனிந்தும் பாருங்கள். அந்த அளவு சரியில்லை என்றால் அடுத்த சைஸ் எடுங்கள்.

வேட்டி என்பதாலேயே எல்லாம் சரி என்றும் ஆகாது. மலிவான வெள்ளை வேட்டியில் வாசல் வெளிச்சத்துக்கு எதிரே நின்றால் உள்ளாடையின் கோடு வரைக்கும் தெரியும். மழையில் நனைந்தால் கேட்கவே வேண்டாம். கடையில் வேட்டியை ஒற்றையாகப் பிரித்து, உள்ளே கையை விட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கையின் நிறம் தெரிந்தால் உள்ளே நீளமான டவுசர் வேண்டும்.

"ஜுப்பா போட்டாத்தான் இஸ்லாமிய உடையா?"

இல்லை. நபி (ஸல்) அவர்கள் தம் ஊரில் கிடைத்ததை உடுத்தினார்கள். கீழே ஒரு துணி, மேலே ஒரு துணி, சில நேரம் சட்டை. கோடு போட்ட யமன் நாட்டுத் துணி அவர்களுக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு பயணத்தில் ஷாம் (சிரியா பகுதி) நாட்டு ஜுப்பா அணிந்திருந்தார்கள். அதன் கை குறுகலாக இருந்ததால், தொழுகைக்கு முன் கை கால் கழுவும் ஒளுவின்போது கையை உள்ளிருந்து வெளியே எடுத்துக் கழுவினார்கள் என்று முஃகீரா (ரலி) சொல்கிறார். வெளியூர்த் துணி, வேறு மக்கள் தைத்தது, அதையும் அணிந்தார்கள். நம் கைலியும் சட்டையும் வேட்டியும் பேண்டும் மறைக்க வேண்டியதை மறைத்தால் அதுவே போதுமான உடை. ஜுப்பா வாங்கக் காசில்லை என்று பெருநாள் தொழுகைக்கு வரத் தயங்கிய பையன்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள், துவைத்த சட்டை போதும்.

"தொப்பி இல்லாம தொழுதா? அரைக்கை சட்டை?"

இரண்டிலும் தொழுகை கூடும். தலையை மறைப்பது ஒழுக்கமும் நல்ல வழக்கமும். சோம்பலால் விடுவதை ஹனஃபி அறிஞர்கள் மக்ரூஹ், அதாவது விரும்பத்தகாதது, என்கிறார்கள். முழுக்கைச் சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு தொழுவதையும் அப்படியே. ஒளு செய்ததும் கையை இறக்கிவிடுங்கள்.

"பேண்ட் கரண்டைக்குக் கீழ இருந்தா நரகமா? மடிச்சு விட்டா தொழுகை மக்ரூஹ்னு இன்னொருத்தர் சொல்றார். எதைக் கேக்குறது?"

கரண்டைக்கு, அதாவது கணுக்காலுக்கு, கீழே இறங்கும் கீழாடை நரகத்தில் என்று புகாரியில் ஒரு ஹதீஸ் இருக்கிறது. பெருமைக்காக ஆடையை இழுத்துக்கொண்டு நடப்பவனை மறுமையில் அல்லாஹ் பார்க்க மாட்டான் என்று இன்னொன்று. இதைக் கேட்ட அபூபக்ர் (ரலி), கவனமாகப் பிடிக்காவிட்டால் என் ஆடையின் ஒரு பக்கம் இறங்கிவிடுகிறதே என்றார். நீங்கள் பெருமைக்காகச் செய்கிறவர் இல்லை என்று நபி (ஸல்) சொன்னார்கள். பெருமை இருந்தால் ஹராம் என்பதில் எல்லாரும் ஒன்று. பெருமை இல்லாவிட்டால் மக்ரூஹ் என்று இமாம் நவவி போன்றவர்கள் சொல்கிறார்கள். எப்படி இருந்தாலும் கூடாது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

மடித்துவிடுவதைப் பற்றிய பேச்சு வேறொரு ஹதீஸிலிருந்து வருகிறது. ஏழு உறுப்புகள் படும்படி ஸஜ்தா செய்யவும், முடியையும் ஆடையையும் சேர்த்துப் பிடிக்காமல் இருக்கவும் ஏவப்பட்டேன் என்ற ஹதீஸ் அது. பேண்ட் மடிப்பும் அதில் சேரும் என்று சிலர் சொல்கிறார்கள். சேராது, கரண்டை தெரிய மடிப்பதே நல்லது என்று வேறு சிலர் சொல்கிறார்கள். பள்ளிவாசல் வாசலில் இதற்காகச் சண்டை போடுவதைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது. சண்டைக்கே இடமில்லாத வழி ஒன்று இருக்கிறது. பேண்ட் வாங்கிய அன்றே கரண்டைக்கு மேல் நிற்கிற மாதிரி டெய்லரிடம் கொடுத்து அடி மடித்துத் தைத்துவிடுங்கள். அளவெடுக்கும்போது செருப்பைக் கழற்றிவிட்டு நில்லுங்கள். துவைத்தால் காட்டன் கொஞ்சம் சுருங்கும், அதையும் டெய்லரிடம் சொல்லுங்கள்.

"நிக்காஹ்ல மாமனார் வீட்டுல தங்கச் செயினும் மோதிரமும் போடுறாங்க, பட்டு வேட்டியும் தர்றாங்க. வேணாம்னு எப்படிச் சொல்றது?"

நபி (ஸல்) ஒரு கையில் பட்டையும் ஒரு கையில் தங்கத்தையும் எடுத்துக் காட்டி, இவை இரண்டும் என் சமுதாயத்து ஆண்களுக்கு ஹராம் என்றார்கள். அலி (ரலி) அறிவிக்கும் இந்த ஹதீஸ் அபூதாவூதில் இருக்கிறது. ஒரு நாளைக்குத்தானே, மேடையில் மட்டும்தானே என்பதற்கு விலக்கு இல்லை. ஒயிட் கோல்டும் தங்கம்தான். வெள்ளி மோதிரம் கூடும். பட்டில் மட்டும் சின்ன விலக்குகள் உண்டு. நாலு விரல் அகலம் வரையிலான ஓரம் அனுமதி என்று முஸ்லிமில் வருகிறது. தோல் அரிப்பு இருந்ததால் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃபுக்கும் ஸுபைருக்கும் (ரலி) பட்டு அணிய அனுமதி கொடுத்தார்கள்.

"பட்டு வேட்டி" என்று விற்பதெல்லாம் பட்டு இல்லை என்பதையும் வியாபாரியாகச் சொல்கிறேன். செயற்கைப் பட்டு பாலியஸ்டரோ விஸ்கோஸோதான், அதற்கு இந்தத் தடை இல்லை. சந்தேகம் இருந்தால் ஓரத்தில் நாலு இழை பிரித்துக் கொளுத்திப் பாருங்கள். அசல் பட்டு முடி கருகுகிற வாடை அடிக்கும், சாம்பலைத் தொட்டால் பொடியாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். விஸ்கோஸ் காகிதம் எரிகிற மாதிரி எரியும்.

மாமனார் வீட்டைப் பொறுத்தவரை, மேடையில் வைத்து மறுத்தால் அவர்கள் முகம் வாடிப்போகும். பேச்சுவார்த்தை நடக்கும்போதே பெரியவர் ஒருவரை வைத்து, மாப்பிள்ளைக்குத் தங்கம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கடன் வாங்கிச் செயின் போடும் குடும்பங்கள் நம் பக்கத்தில் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். நீங்கள் வேண்டாம் என்று சொன்னால் அவர்களுக்கு அது பெரிய உதவி. அப்படியும் போட்டுவிட்டார்களா? கழற்றி மனைவியிடம் கொடுங்கள். அவருக்கு அது ஹலால்.

"ஃபுட்பால் ஆடுறேன், ஜெர்சி ஷார்ட்ஸ் தொடை வரைக்கும்தான் வரும். விளையாட்டை விட்டுடணுமா?"

வேண்டவே வேண்டாம். வியாசர்பாடியில் எத்தனையோ பையன்களைக் கெட்ட சகவாசத்திலிருந்து காப்பாற்றியது கால்பந்துதான். ஷார்ட்ஸுக்குள் முழங்காலுக்குக் கீழே வரும் கறுப்பு டைட்ஸ் போடுங்கள், மேலே ஷார்ட்ஸ் இருப்பதால் வடிவமும் பெரிதாகத் தெரியாது. நிறைய ஆட்டக்காரர்கள் தசைப் பிடிப்புக்காகவே அதைப் போடுகிறார்கள். ஜிம்முக்கு ட்ராக் பேண்ட் போதும். உடை மாற்றும் இடத்தில், ஓர் ஆண் இன்னோர் ஆணின் அவ்ரத்தைப் பார்க்கக் கூடாது என்ற முஸ்லிம் ஹதீஸை ஞாபகம் வையுங்கள். நண்பன் துண்டை இழுத்து விளையாடுவது வேடிக்கை இல்லை.

"டீ-ஷர்ட் முதுகுல படம், எழுத்து இருந்தா?"

நபி (ஸல்) ஒரு முறை வேலைப்பாடுள்ள போர்வையில் தொழுதுவிட்டு, இது தொழுகையில் என் கவனத்தை இழுத்தது என்று சொல்லி, அதை அபூஜஹ்ம் என்ற தோழரிடம் கொடுத்துவிட்டுச் சாதாரணத் துணியைக் கேட்டார்கள். உங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டுதான் பின்வரிசைக்காரர் தொழுகிறார். நடிகர் முகமும் மண்டை ஓடும் அவர் கண்முன் இருக்க வேண்டாம். கெட்ட வார்த்தை எழுதிய டீ-ஷர்ட்டை எங்கேயும் போட வேண்டாம்.

"காசிமேட்டுல வேலை. தண்ணிலயும் ஐஸ்லயும் நிக்கணும், கைலிய இறக்கிவிட்டா வேலை நடக்காது."

கைலிக்குப் பதில் முழங்காலுக்குக் கீழே வரும் நைலான் டவுசர் போட்டுப் பாருங்கள். சீக்கிரம் காயும், உப்பும் செதிலும் ஒட்டாது, வலையில் மாட்டாது. தொழுகைக்குக் காய்ந்த கைலி ஒன்று பையில் இருக்கட்டும். அவசரத்தில் ஆடை விலகினால், அதற்கு மார்க்கத்தில் இடம் இருக்கிறது. டாக்டரிடம் காட்டுவதும் இப்படித்தான், ஹெர்னியாவோ மூலமோ இருந்தால் தேவையான இடத்தைத் தேவையான அளவு காட்டலாம். வெட்கப்பட்டு நோயை முற்றவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்யாதீர்கள்.

"எங்க அண்ணன் வீட்ல குட்டி ஷார்ட்ஸ்ல சுத்துறான். கேட்டா 'நீ முதல்ல துப்பட்டாவ ஒழுங்கா போடு'ன்றான். தங்கச்சி நான் அவனுக்குச் சொல்லலாமா?"

தாராளமாகச் சொல்லலாம். தாய், சகோதரி முன்னாலும் ஆணின் அவ்ரத் தொப்புள் முதல் முழங்கால் வரைதான், வீட்டுக்குள் என்பதால் அது குறையாது. ஒரே அறையில் ஆறு பேர் படுக்கும் வீடுகளில் இதை இன்னும் கவனிக்க வேண்டும். உன் துப்பட்டா அவனுடைய ஷார்ட்ஸுக்குப் பதில் ஆகாது. அவனிடம் 30-வது வசனத்தைப் படிக்கச் சொல், அது அவனுக்கு வந்த கட்டளை.

தங்கை சொல்லி நான் கேட்பதா என்று அவன் நினைத்தால், மேலே அம்ர் இப்னு ஸலமாவின் செய்தியைக் காட்டு. அங்கே தொழவைத்த இமாமின் உடையைப் பற்றிக் கேட்டது ஒரு பெண். உனக்கென்ன வந்தது என்று யாரும் அவரை அடக்கவில்லை, துணி வாங்கப் போனார்கள். அம்மாவிடம் சொல்லி அவனுக்கு முழங்காலுக்குக் கீழே வரும் த்ரீ-ஃபோர்த் இரண்டு எடுத்துக் கொடுக்கச் சொல். இடுப்பில் நாடாவும் எலாஸ்டிக்கும் சேர்ந்து இருப்பதாகப் பார்த்து எடுங்கள், வெறும் எலாஸ்டிக் நாலு துவையலில் தளர்ந்துவிடும்.